இரண்டு புள்ளி ஒன்று

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ரெய்ஸ்தோர்ப்,
பூவேந்திரனின் டயர் கடை.
நான் உள்ளே நுழையும் முன்பே
அவர் ஒன்றைத் தேர்ந்துவிட்டார்.
சூபிரமணி, என் கணவர்,
முதலை முதுகு போன்ற சேற்று டயரைத்
தடவிக்கொண்டு நிற்கிறார்.

இந்த நாட்டில் சரக்கு வண்டிக்குப் பெயர் பக்கி.
தமிழில் அது வசவு என்று சொன்னபோது
ஒரு காலத்தில் சிரித்தார்.
பக்கியின் முதுகில்
பம்பு, குழாய், சங்கிலி, வெல்டிங் பெட்டி,
எண்ணூறு கிலோ.
போகவேண்டியது சதர்லாந்து,
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்,
கடைசி நூறு சரளை,
கத்தியை நிமிர்த்தி நட்டதுபோல் கல்.
ஜூலைக் குளிரில்
பண்ணைக் கிணற்றுக் குழாய்களெல்லாம்
வெடித்துக் கிடக்கின்றனவாம்.
மூன்று வாரக் கூலி.
பில் எழுதுவதும் டார்ச் பிடிப்பதும் நான்.

"சேறு எங்கே இருக்கிறது அங்கே?
எல்லாம் உறைந்துதானே கிடக்கும்" என்றேன்.
பூவேந்திரன் சிரிப்பை
நெம்புகோலோடு சேர்த்துக் கீழே வைத்துவிட்டு
இன்னொன்றை உருட்டி வந்தான்.

பக்கச் சுவரில் மூன்று சிகரம்,
நடுவில் ஒரு பனிப்பூ.
கட்டைகளின் மேல் மயிரிழைக் கீறல்கள்.
"சாதா ரப்பர் குளிரில் விறகாகிவிடும் அக்கா,
இது இப்படியேதான் இருக்கும்."
கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன்.
பதிந்தது. மெல்ல எழுந்தது.

"சுவர் மெலிசு" என்றார் அவர்.
"பத்து அடுக்கு அண்ணா."
"சீக்கிரம் தேயும்."
"தேயும்தான்."

நான் அந்த நான்கு இலக்கத்தைத் தேடினேன்,
முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.
ஒன்று மட்டும் ஆறு வருடப் பழசு.
மாற்றிக் கொடு என்றேன்.
கத்தரிக்காய் வாங்குகிறாயா என்றார்.
ஆமாம்,
காம்பைப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை,
ஒன்றைத் தவிர.

விலைச்சீட்டில் இல்லாததைப்
பூவேந்திரன் போகிறபோக்கில் சொன்னான்:
சேற்று டயர் தார்ச்சாலையில் ஊளையிடும்,
எண்பதைத் தாண்டினால்
பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது.

அவர் ஏன் அதையே தடவுகிறார் என்று
அப்போதுதான் புரிந்தது.
மார்ச்சிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சு
பால் தீர்ந்துவிட்டது,
கரண்ட் எத்தனை மணிக்குப் போகும்,
சாவி எங்கே.
பதினைந்து மணி நேரம்
அந்த ஊளைக்குள் ஒளிந்துகொள்ளலாம்.
எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது.

"சத்தம் போடாததை மாட்டு.
ஐந்து. ஸ்பேரும் அதே அளவு, அதே ரகம்."
என் கார்டைத்தான் நீட்டினேன்.

ஹாரிஸ்மித் வரை வானொலி.
ப்ளூம்ஃபான்டெய்ன் வரை
தெர்மாஸ் மூடியில் தேநீர் கைமாறியது.
கோல்ஸ்பர்க் தாண்டி இருட்டிய பிறகு
அரிசி களைவதுபோல் சக்கரத்தடியில் ஒரு சின்ன ஒலி,
வேறு எதுவும் இல்லை.
"மார்ச்சில் நீ சொன்னது" என்று தொடங்கினார்.
ஃப்ரேசர்பர்க் வரை நீண்டது.
எல்லாம் நல்ல பேச்சு அல்ல.
ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி
அத்தனை நட்சத்திரங்களுக்கும் கீழே
புது டயரை ஓர் உதை விட்டு வந்தார்.

சதர்லாந்து. விடியல். மைனஸ் ஒன்பது.
வைப்பர் கண்ணாடியைவிட்டு வர மறுத்தது.
நான்கு சக்கரமும் லேசாகச் சப்பி நின்றன.
"பஞ்சர்! நான்கும்! அப்போதே சொன்னேன்."

வால்வில் மானியை வைத்தேன்.
இரண்டு புள்ளி ஒன்று.
ஊரில் புறப்படும்போது இரண்டு புள்ளி நான்கு.
அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும்.
ஓட்டையாக இருந்தால்
இப்படிச் சொல்லிவைத்தாற்போல் இறங்காது.
காற்று எங்கும் போகவில்லை,
குளிருக்கு ஒடுங்கி
உள்ளேயேதான் இருக்கிறது என்றேன்.

மானியை என் கையிலிருந்து வாங்கி
நான்கையும் தானே மறுபடி பார்த்தார்,
ஸ்பேரையும்.
பிறகு கம்ப்ரஸரை எடுக்கப் போனவர்
திரும்பாமலே சொன்னார்:
"கையுறை போடு கோகி,
இரும்பு ஒட்டிக்கொள்ளும்."